திருவிழா ஷட்டில் பஸ்ஸில் ஏறுகிறீர்களா? டிக்கெட்டை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்களும், வெளியூரில் இருந்துகொண்டு வயதான அப்பா அம்மாவைத் திருவிழா ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. வழக்கு போட்டிருக்கிறோம், பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயரை விட அவர்கள் செய்த காரியம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐப்பசி கடைசி நாள் மாயூரம் (மயிலாடுதுறையின் பழைய பெயர்) துலாக்கட்டத்தில், அதாவது காவிரிப் படித்துறையில், கடைமுழுக்கு என்கிற புனித நீராடல். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா" என்று சொல்லிக்கொண்டே வருஷா வருஷம் காலையில் கிளம்பிவிடுவார் என் அம்மா. அப்பா இருந்தவரை இருவரும் ரயிலில் போய் வருவார்கள். இப்போது அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி, அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு போக முடியாது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. கும்பகோணத்திலிருந்து துலாக்கட்டத்துக்கு ஷட்டில் பஸ், ஏசி, காலை டிபன், பயணக் காப்பீடு, ஆளுக்கு 350 ரூபாய். இரண்டு டிக்கெட் போட்டேன்.

வந்து நின்ற பஸ்ஸில் ஏசி இல்லை. "ஏசி பஸ் பிரேக்டவுன், மாத்து வண்டிங்க" என்றார்கள். சரி, மழை நாள்தானே என்று விட்டேன். ஏறும்போது பின் சக்கரத்தைப் பார்த்தேன். டயரில் வரியே இல்லை, வழவழவென்று மொட்டையாக இருந்தது. டிக்கெட் சரிபார்த்த பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் ஓடும்க்கா, ஏறுங்க" என்றான். அப்போதே அம்மாவை இறக்கியிருக்க வேண்டும். அம்மா அதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பித்தளைச் சொம்பை வைத்துக்கொண்டு, "வாடி, இடம் போயிடும்" என்று கூப்பிட்டுவிட்டார். ஏறிவிட்டேன்.

40 சீட் பஸ். திருவிடைமருதூரிலும் ஆடுதுறையிலும் நிறுத்தி இன்னும் ஆள் ஏற்றினார்கள். நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு 11 பேரை உட்கார வைத்தார்கள், எண்ணினேன். எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் டிபன் பார்சல் அட்டைப்பெட்டிகளும் இரண்டு தண்ணீர் கேனும்.

நரசிங்கன்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடந்தது. தாளடி (இரண்டாம் போக நெல்) நடவு நேரம். சேற்றுழவு முடித்த டிராக்டர், சேற்றில் புதையாமல் இருக்க மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு ரோட்டில் ஏறினால் நம்ம ஊர்க் களிமண் தார் மேல் எப்படி அப்பிக்கொள்ளும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் மழைத் தூறல். எதிரில் டிராக்டர் வந்ததும் டிரைவர் பிரேக் போட்டார். பஸ் நிற்கவில்லை, பின்பக்கம் அப்படியே சுழன்று மதகுக் கட்டையில் மோதியது. வண்டி இடது பக்கமாக வாய்க்காலில் சாய்ந்தது. சாய்ந்த பக்கம்தான் அம்மா.

பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். ஓடி வந்த ஒரு அக்காவின் கையில் நாற்று முடி அப்படியே இருந்தது. எமர்ஜென்சி கதவைத் திறக்க முடியவில்லை, பெட்டியும் கேனும் சரிந்து அடைத்திருந்தன. ஒருவர் மண்வெட்டியின் பின்பக்கத்தால் பின் கண்ணாடியை உடைத்து, சாக்கை மடித்துப் போட்டு, ஒவ்வொருவராகத் தூக்கினார். அந்த அக்கா தன் தலைத்துண்டை அவிழ்த்து என் நெற்றியில் கட்டிவிட்டார். "பதறாத கண்ணு, உங்கம்மா பேசுறாங்க பாரு, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எனக்கு நெற்றியில் ஏழு தையல். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு. உயிர்ச்சேதம் இல்லை, அந்தப் புண்ணியம் வயலில் இருந்தவர்களுக்குத்தான்.

இதுவரை நடந்தது விபத்து. மழையும் சேறும் யாருக்கும் வரும் என்று வைத்துக்கொண்டாலும் அதற்குப் பிறகு நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கால் மணி நேரத்தில் ஏஜென்சி ஆள் ஒரு வெள்ளைக் காரில் வந்தார். வரப்பில் உட்கார்ந்திருந்த எங்களிடம் வந்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "டிக்கெட்டைக் கொடுங்கம்மா." இன்சூரன்ஸுக்கு ஒரிஜினல் வேண்டும், நாங்களே எல்லாருக்கும் கிளெய்ம் போட்டுத் தருகிறோம் என்றார். ரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போது யார் யோசிப்பார்கள்? எல்லாரும் எடுத்துக் கொடுத்தோம். ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்த பஸ்ஸில் நாங்கள் காசு கொடுத்துப் போனோம் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் துண்டுக் காகிதம்தான். முதல் நாள் ராத்திரி திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அது ஒன்றுதான் இன்று எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஊர்க்காரர்கள் கூப்பிட்டு 108 வந்தது. "எல்லாம் சின்னக் காயம், எங்க வேன் வந்துட்டிருக்கு" என்று சொல்லி ஏஜென்சி ஆள் அந்தப் பாட்டியை மட்டும் அதில் ஏற்றிவிட்டார். எங்களை அவர்கள் வேனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே சீட்டு எழுதும்போது பக்கத்தில் நின்றவர் அவர்தான். மாவுக்கட்டுப் போட்டு வெளியே வந்து சீட்டைப் படித்தால், "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறது. நாங்கள் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. 6,400 ரூபாய் பில்லையும் நாங்கள்தான் கட்டினோம்.

வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணனின் சிநேகிதர் போனில் இதைக் கேட்டதும் சத்தமே போட்டார். "உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போம்மா. விபத்துப் பதிவேட்டில் எழுத வை. ஏ.ஆர். காப்பி இல்லாம கேஸே நிக்காது." ராத்திரி 7 மணிக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். பொறுமையாகக் கேட்டு, எந்த இடம், எத்தனை மணி, என்ன வண்டி என்று எல்லாவற்றையும் எழுதினார். "இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கே, எதுக்குமா காசு கட்டினீங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் உண்டு. "வீட்டில் வழுக்கி விழுந்தவருக்கு" அது கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க முடியாமல் ஒரு நாள் தாமதமாக வந்த முடவனுக்கும் அதே புண்ணியத்தை சுவாமி கொடுத்த நாள். "எனக்கு இன்னிக்காவது போக முடிஞ்சா" என்று அம்மா கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் வாசலில் பைக் சத்தம்.

அதே ஆள், ஒரு கவரில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "அம்மா மாதிரி நினைச்சு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்து, 5,000 ரூபாயும் ஒரு முத்திரைத்தாளும் எடுத்தார். சிகிச்சைச் செலவு முழுவதும் பெற்றுக்கொண்டேன், இது சம்பந்தமாக ஏஜென்சி மீதோ வாகன உரிமையாளர் மீதோ எந்த வழக்கும் போட மாட்டேன், எந்தத் தொகையும் கோர மாட்டேன் என்று டைப் அடித்திருந்தது.

"அம்மாவால கையெழுத்துப் போட முடியாதுங்க, கை கட்டுல இருக்கு" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேடை எடுத்து மேஜையில் வைத்தார். "இடது கைப் பெருவிரல் போதும்மா."

எங்கள் அம்மா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். அவரிடம் கைநாட்டு வாங்க மை டப்பாவோடு வந்திருக்கிறார் இந்த மனிதர். அந்தச் சின்ன நீலத் தகர டப்பாவைப் பார்த்த பிறகுதான் இவர்களைச் சும்மா விடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஆப்பிளோடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம். பக்கத்துத் தெருவில் அதே பஸ்ஸில் வந்த இரண்டு குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது.

ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகும்போது, "விபத்து நடந்தது தஞ்சாவூர் மாவட்டமா மயிலாடுதுறை மாவட்டமான்னே தெரியாது, அலைய விடுவாங்க" என்று போனில் பயமுறுத்தினார்கள். அதற்கெல்லாம் பயப்படாதீர்கள். இப்போதைய சட்டத்தில் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்து, எல்லை வேறாக இருந்தால் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். எங்களுக்கு முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்தார்கள், மூன்றாம் நாள் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், பாரதிய நியாய சன்ஹிதா 281 (தாறுமாறாக வண்டி ஓட்டியது), 125 (மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தியது) பிரிவுகளில். விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு உதவி செய்து, 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியது மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைவர் அல்லது வண்டிக்குப் பொறுப்பாக இருப்பவரின் கடமை. நாங்கள் போகும்வரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பஸ் நம்பரை, வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் போட்டுப் பார்த்தோம். 12 வருஷ வண்டி. 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். இதற்கு செப்டம்பரிலேயே முடிந்திருந்தது. உரிமையாளர் வேறு ஊர்க்காரர். பர்மிட், மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் கான்ட்ராக்ட் கேரியேஜ். ஒரு குழு பஸ்ஸை மொத்தமாகப் பேசிக்கொண்டு போவதற்கான பர்மிட் அது. ஆளுக்கு ஆள் டிக்கெட் போட்டு, ஊருக்கு ஊர் நிறுத்தி ஏற்றுவது அதில் கூடாது. டிக்கெட்டை ஏன் அவ்வளவு அவசரமாகப் பிடுங்கினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டிக்கெட் வெளியே வந்தால் பர்மிட் மீறல் என்று வண்டிக்காரரும் மாட்டுவார், ஏஜென்சியும் மாட்டும். நல்லவேளை, வண்டியின் இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது. பர்மிட்டைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தட்டிக்கழிக்கப் பார்க்கும், ஆனால் முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட் உத்தரவு போட்ட வழக்குகள் நிறைய உண்டு என்கிறார் வக்கீல்.

ஏஜென்சியின் பதில் ஒரே வரி: நாங்கள் டிக்கெட் மட்டும்தான் விற்றோம், தப்பு டிரைவருடையது. அந்த டிரைவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இருபத்தைந்து வயதிருக்கும். வாய்க்கால் கரையில் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார். "ராத்திரி பூரா திருச்செந்தூர் டிரிப்புக்கா. விடியக்காலம் வந்தேன், குளிக்கக்கூட விடல, சாவியைக் கையில குடுத்துட்டாங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. தூங்காதவரை ஏற்றியவர், மொட்டை டயரை ஓட விட்டவர், ஸ்டூல் போட்டவர் எல்லாரும் வெளியே இருக்க, அவர் ஒருவர் தலையில் மட்டும் இதை இறக்கி வைப்பது அநியாயம். என் வாக்குமூலத்தில் இதையும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். விபத்து நடந்த ஊரிலேயே போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019 திருத்தத்தில் வந்திருக்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்க 164-ஆம் பிரிவில் வழி உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில்தான் வரும். 5,000 ரூபாயோடு ஏன் ஓடி வந்தார் என்று இப்போது புரிகிறதா? ஏசி என்று சொல்லி ஏமாற்றியதற்கும், இல்லாத பயணக் காப்பீட்டை நோட்டீஸில் போட்டதற்கும் தனியாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. 1915-க்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள்.

அம்மாவின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. கோலமாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டிவிடுகிறது. காலையில் பாதிக் கோலத்தில் எழுந்து உள்ளே வந்துவிடுகிறார், மீதியை நான் போடுகிறேன்.

அன்று அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, வக்கீலிடம் பேசிவிட்டேன், அதற்கும் வழி இருக்கிறது என்கிறார். ஆடுதுறையில் ஏறி, ஸ்டூலில் இடம் கிடைத்து, வழி நெடுக செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்த தம்பி ஒருவர் இருந்தார், நீல டிஷர்ட். தம்பி, அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். நடைபாதையில் ஸ்டூல் போட்டிருந்தது அதில் மட்டும்தான் இருக்கிறது.