மாகாண சபையா, பாராளுமன்றமா?

திருகோணமலையில் அரசியலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. பாராளுமன்றம் என்றதும் சம்பந்தன் ஐயாதான் நினைவுக்கு வருவார். 1977இல் முதன்முதலாகத் தெரிவானார். 2015இல் எதிர்க்கட்சித் தலைவர். 2024இல் மறையும்போதும் உறுப்பினர். நம் குரல் கொழும்பில் கேட்க அந்த வழி வேண்டும்.

சரி, கிழக்கு மாகாண சபை? ஒரு மாகாணப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை, கிராம ஆஸ்பத்திரியில் வசதி இல்லை என்றால், சபை இயங்கும் காலத்தில் தாய்மார் மனுவோடு போய் நிற்க வேண்டியது மாகாண அமைச்சரிடம்தான். முதலமைச்சரோடு சேர்த்து அமைச்சர்கள் ஐந்தே பேர். யாரிடம் கேட்பது என்ற குழப்பம் இல்லை. காணி, பொலிஸ் அதிகாரம் கைக்கு வரவில்லை, ஆளுநரை நியமிப்பதும் ஜனாதிபதி. இருந்தாலும் நான் மாகாண சபைப் பக்கம்தான். 2017இல் பதவிக்காலம் முடிந்த சபைக்கு வருடக்கணக்காகத் தேர்தல் வைக்காமல் விட்டது பெரிய அநியாயம்.