ஊருக்குப் போகும்போது: நாட்பட்ட சோர்வு நோயும் மனச்சோர்வு மாத்திரையும்

வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுக்கொண்டே ஊருக்கு வந்துபோகும் நாட்பட்ட சோர்வு நோயாளிகளுக்காக இதை எழுதுகிறேன். இம்முறை ஊரில் பார்த்த வெளிநோயாளர் பிரிவிலும் அதே கதைதான். தீராத சோர்வு என்று வருபவரின் இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை, ஆகவே "மனசுதான் காரணம்" என்று ஒரு மனச்சோர்வு மாத்திரை. வரிசை நீளம், அவசரம் புரிகிறது. ஆனால் மனச்சோர்வும் நாட்பட்ட சோர்வு நோயும் ஒன்றல்ல. மனச்சோர்வில் எதன் மேலும் நாட்டம் இருக்காது. நாட்பட்ட சோர்வு நோயில் நாட்டம் இருக்கும், உடம்பு இடம் கொடுக்காது. கொஞ்சம் அலைந்தாலே, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இந்நோயாளிகளுக்கு ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 20 மி.கி. கொடுத்து நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது, சோர்வு குறையவில்லை. இந்நோயைக் குணமாக்கவென்று எந்த மருந்தையும் தர வேண்டாம் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2021 வழிகாட்டுதல். கூடவே மனச்சோர்வும் இருப்பவருக்கு மாத்திரை தேவைதான். உறவினர் பேச்சுக்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.

அதிகம் குழம்புவது அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை விஷயத்தில். தூக்கத்துக்கும் வலிக்கும் இரவில் 10 மி.கி. போதும் என்று வெளிநாட்டில் கொடுத்திருப்பார்கள். ஊரில் சீட்டைப் பார்ப்பவர், மனச்சோர்வுக்கு இது போதாதே என்று 50க்கு ஏற்றிவிடலாம். இந்நோயாளிகள் பலருக்குச் சிறு அளவே தாங்காது: காலையில் மந்தம், வாய் வறட்சி, எழுந்து நின்றால் படபடப்பு. எந்த மாத்திரை எதற்காக, ஏன் குறைந்த அளவு என்று உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்.

கடையில் வணிகப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பொதுப் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லுங்கள். எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கேட்டால், குளோனசெபம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து கலந்த கூட்டு மாத்திரை கைக்கு வரக்கூடும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பயண நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாகக் கைப்பையில் கொண்டு வருவது நல்லது. வென்லாஃபாக்சின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஓரிரு நாள் தவறினாலே தலைசுற்றும், மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். அதை நோய் முற்றியதாக எண்ணி இன்னொரு மருந்து எழுதிவிடுவார்கள்.

உடல்வலிக்கு டிரமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் தந்தால், நீங்கள் உட்கொள்ளும் மனச்சோர்வு மாத்திரையின் பெயரை உடனே சொல்லிவிடுங்கள். சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரலாம். வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அவசரமில்லையென்றால் புது மாத்திரையைப் பயணத்தில் தொடங்காதீர்கள். முதல் இரு வாரக் குமட்டலும் தூக்கக் கெடுதலும் மருந்தாலா, அலைச்சலாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.