பழைய லேப்டாப்: பிராசஸரை மாற்றலாமா, எஸ்எஸ்டி போடலாமா?

2012, 2013 வாக்கில் வாங்கிய பட்ஜெட் லேப்டாப். உள்ளே இன்டெல் ஐ3-3110எம் பிராசஸர் (3-ஆம் தலைமுறை), 4 ஜிபி ரேம், 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். கொஞ்சம் செலவு செய்து ஓட்டலாம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பிராசஸர்தான். பெரும்பாலும் அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை.

லேப்டாப் ஆன் ஆக இரண்டு நிமிடம், பிரவுசர் திறக்க அரை நிமிடம் என்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியூ (பிராசஸர்) 20 சதவீதத்திலும் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்), கூடவே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம், இவ்வளவு போதும். அதே ஸ்லாட்டில் ஒற்றை 8 ஜிபி போடுவதைவிட 4+4 மேல். ரேமுக்கான இரண்டு சேனலும் (தரவுப் பாதை) ஓடும். ரேமைப் பங்கு போட்டுக்கொள்ளும் உள் கிராபிக்ஸுக்கு அது உதவும்.

சிபியூதான் 100-இல் நிற்கிறதா? அப்போது பிராசஸரைப் பார்க்கலாம். சிபியூ-இசட் மென்பொருளில் பேக்கேஜ் என்ற இடத்தில் 988 என்ற எண் வந்தால் சாக்கெட், கழற்றலாம். 1023 என்றால் மதர்போர்டோடு சாலிடர் செய்தது, அத்தோடு விட்டுவிடுங்கள். பெயர் 'யூ' என்று முடிந்தாலும் சாலிடர்தான். 5-ஆம் தலைமுறையிலிருந்து லேப்டாப்புக்கென்று வந்த இன்டெல் பிராசஸர் எதையும் கழற்ற முடியாது.

மதர்போர்டின் சிப்செட்டையும் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) பாருங்கள். எச்எம்70 சிப்செட் செலரான், பென்டியத்துக்கு மட்டும். அதில் ஐ3, ஐ5 போட்டால் விண்டோஸ் வரை நன்றாகவே ஓடும்; 30 நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மாற்றிவிட்டு ஃபேனையும் பேஸ்ட்டையும் (சில்லின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை) சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. எச்எம்76 என்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஐ5-3320எம் போட்டால் அதே 2 கோர், 4 த்ரெட். 2.6 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் டர்போவில் (தேவைப்படும்போது தானாகக் கூடும் வேகம்) 3.3 வரை போகும், குறியாக்கத்தை வேகமாக்கும் ஏஇஎஸ் வசதி சேரும். பென்டியத்திலிருந்து வருகிறவருக்கு நல்ல லாபம். ஐ3-யிலிருந்து வருகிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஐ7-3632கியூஎம்மில் 4 கோர், 8 த்ரெட், 6 எம்பி கேஷ். மின்தேவை அதே 35 வாட். வீடியோ கன்வெர்ட், கம்பைல் போன்ற வேலைகளுக்கு இதுதான். யூடியூப் பயன்படுத்தும் விபி9 வீடியோ வடிவத்துக்கு இந்தத் தலைமுறை கிராபிக்ஸில் ஹார்ட்வேர் டிகோடர் (வீடியோவை விரித்துக் காட்டும் தனிச் சுற்று) கிடையாது என்பதால் யூடியூபிலும் இந்த 4 கோர் கைகொடுக்கும். 45 வாட் ஐ7-3630கியூஎம் பக்கம் போகாதீர்கள்: ஒற்றை ஹீட் பைப்பும் 65 வாட் சார்ஜரும் தாங்காது, சூடேறி வேகம் 1.2 ஜிகாஹெர்ட்ஸுக்கு விழும். பழைய சந்தையில் வாங்கும்போது சில்லின் மேல் உள்ள குறியீடு 'எஸ்ஆர்' என்று தொடங்க வேண்டும். 'கியூ' என்று தொடங்கினால் சோதனைச் சில்லு.

மாற்றும் முன் பயாஸை (லேப்டாப்பைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். அதில் புதுச் சில்லுக்கான மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஹீட் சிங்க் திருகுகளை அதில் பொறித்த எண்களின் தலைகீழ் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சாக்கெட் ஓரத்துத் திருகைப் பூட்டு திறந்த குறி வரை திருப்பினால் சில்லு விடுபடும், நேராகத் தூக்கி எடுக்கலாம். புதியதை முக்கோணக் குறி பொருந்த வையுங்கள். அழுத்தவே வேண்டாம், தன் எடையில் உட்காரும். உட்காரவில்லை என்றால் ஒரு ஊசி வளைந்திருக்கிறது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபில் ஆல்கஹாலில் துடைத்து, அரிசி அளவு புதுப் பேஸ்ட். லேப்டாப் சில்லுக்கு மேல் மூடி கிடையாது; ஒரு பக்கத் திருகை மட்டும் முடுக்கினால் மூலை உடையும்.

முடித்ததும் அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பாருங்கள். 95 டிகிரியைத் தாண்டினால் ஹீட் சிங்க் சரியாகப் படியவில்லை, அல்லது அதன் துடுப்புகளில் தூசி அடைத்திருக்கிறது. எந்தச் சில்லைப் போட்டாலும் விண்டோஸ் 11-இன் 8-ஆம் தலைமுறை நிபந்தனைக்கு இந்த லேப்டாப் எட்டாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. லினக்ஸ் போடுவதானால் எஸ்எஸ்டி மாற்றும்போதே போட்டுவிடுங்கள், இரண்டு முறை இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்காது.