கிராப் வண்டியின் வேலையை அளப்பது: மரக் கிடங்கு அனுபவம்

மாதவரத்தில் எங்கள் மரக் கிடங்கில், எக்ஸ்கவேட்டரில் கிராப் (தடியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கை) மாட்டித்தான் தடி இறக்கி அடுக்குகிறோம். வண்டி மணிக்கணக்கு வாடகை. அது உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று சில வருஷமாகக் கணக்கு வைத்து வருகிறேன்.

வண்டியின் மணி மீட்டரை (hour meter) மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அது எஞ்சின் ஓடிய நேரத்தைத்தான் சொல்லும். துறைமுகத்திலிருந்து வரவேண்டிய டிரெய்லர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நிற்கும். இங்கே ஆபரேட்டர் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். வெளிநாட்டுக் காடுகளில் மரம் வெட்டும் இயந்திரங்களை அளப்பவர்கள், வேலைக்கு ஒதுக்கிய மணி, வேலை நடந்த மணி என்று இரண்டாகப் பிரிப்பது இதனால்தான். 15 நிமிஷத்துக்கு உட்பட்ட தடங்கலை வேலை நேரத்திலேயே சேர்த்துவிடுவது அங்கே பரவலான வழக்கம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். டீ குடிக்க இறங்கியதற்கெல்லாம் வாட்சை அமுக்கிக்கொண்டிருந்தால் நம் பொழப்பு ஓடாது.

அதைவிடப் பெரிய விஷயம் தடியின் பருமன். நம் கால்சுற்றுக் கணக்குப்படி, அங்குலத்தில் சுற்றளவின் நாலில் ஒரு பங்கை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 48 அங்குலச் சுற்று, 10 அடித் தடி என்றால் 10 கன அடி. அதே நீளத்தில் 24 அங்குலம் என்றால் வெறும் 2.5. ஒவ்வொன்றாகத் தூக்கினால் கிராப்புக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். ஒல்லித் தடி வந்த அன்று ஆபரேட்டரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நாலைந்து சேர்த்துப் பிடிக்கலாம், ஒன்று நழுவினால் கீழே நிற்பவன் கதி? அதனால் மணிக்கு இத்தனை கன அடி என்பதன் பக்கத்திலேயே சராசரிச் சுற்றளவையும் எழுதிவிடுகிறேன்.

(கால்சுற்று, உண்மைக் கன அளவைவிடச் சுமார் 21 சதவீதம் குறைத்தே காட்டும். கன மீட்டரில் இருக்கும் இறக்குமதிக் காகிதத்தோடு ஒப்பிடும்போது கவனம்.)

இந்த முறையில் ஒரு குறை: நான் வாட்சோடு நின்றால் வண்டி பறக்கும், நகர்ந்தால் பழைய வேகம். ஆகவே நாள் மொத்தத்தைத்தான் நம்புகிறேன்.

வண்டியை வாடகைக்கு விடுபவர் மாட்டிய ஜிபிஎஸ் கருவி, எஞ்சின் சும்மா ஓடிய நேரத்தைத் தனியே காட்டுகிறது, நல்லதுதான். தடியின் பருமன் அதற்குத் தெரியாது. சுவீடன், பின்லாந்தின் ஹார்வெஸ்டர்களில் (மரம் வெட்டும் இயந்திரங்களில்) வெட்டும் தலையே நீளமும் விட்டமும் அளந்து பதிந்துவிடும். அந்த வசதி நமக்கு ஏது?

வாடகையைக் கன அடிக் கணக்குக்கு மாற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன். வண்டிக்காரர் ஒல்லித் தடிக்குத் தனி ரேட் கேட்கிறார். கேட்பது நியாயம்தான்.