ஃப்ளோட்டர் செருப்பு: கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வரை தாங்குமா?

தாங்கும். ஆனால் கடையில் வாங்கிய கையோடு மாட்டிக்கொண்டு பாதயாத்திரை கிளம்பினால் ஊத்தங்கரைக்குள்ளேயே உட்கார வைத்துவிடும். ஒரு சைஸ் கூட்டி வாங்குவது, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு சுற்றுத் தையல், மூன்று வாரம் ஊருக்குள் நடை. இந்த மூன்றும் இருந்தால்தான் மேலே சொன்ன "தாங்கும்".

இது ஏதோ ஒரு கம்பெனியைப் பற்றிய விமர்சனம் இல்லை. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடைகளிலும் தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் 700 முதல் 1,200 ரூபாய்க்குத் தொங்குகிற ரகத்தைப் பற்றியது. முன்னால் இரண்டு வெல்க்ரோ பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை, நடுவில் இவிஏ என்கிற லேசான பிளாஸ்டிக் நுரை, அடியில் ரப்பர். பட்டை மட்டும் கடைக்குக் கடை மாறும்: சிலதில் நைலான் நாடா, சிலதில் ரெக்சின்.

முதலில் செருப்பின் மேல் விழும் பாரத்தைப் பார்த்துவிடலாம். மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை சுமார் 105 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் போகிற குழுக்கள் இதை மூன்று நாளில் முடிக்கப் பார்க்கும். நாளுக்கு 35. முதல் நாள் மத்தூர் தாண்டி, இரண்டாம் நாள் செங்கம், மூன்றாம் நாள் கோயில். தருமபுரிக்காரர்கள் அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு என்று வந்தாலும் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு எட்டின் நீளம் முக்கால் மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 1,40,000 எட்டு, ஒரு காலுக்கு 70,000. செருப்பில் 100 கிராம் கூடினால் ஒவ்வொரு காலும் 7 டன் அதிகமாகத் தூக்குகிறது. ஷூவைவிட ஃப்ளோட்டரைப் பலர் விரும்புவதற்குப் பாதிக் காரணம் இந்த எடைதான்.

மீதிக் காரணம் தண்ணீர். கார்த்திகை தீபத்துக்குப் போகிறவர்களுக்கு மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். நனைந்த ஷூ ஒரு ராத்திரியில் காயாது. மறுநாள் விடிகாலையில் அதே ஈரத்துக்குள் காலை விட்டால் பத்து மணிக்குள் பாதம் வெந்த மாதிரி வெளுத்துச் சுருங்கும், அதன் மேல்தான் கொப்புளம் கிளம்பும். ஃப்ளோட்டரை உதறிவிட்டு நடக்கலாம்.

ஹவாய் செருப்பு போட்டே போய் வந்தேன் என்று சொல்கிறவர் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் தினமும் அதிலேயே காட்டுக்கும் கழனிக்கும் நடக்கிறவர்கள், கால் பழகியிருக்கிறது. மற்றவர்களுக்கு அது ஆகாது. பின்பட்டை இல்லாததால் செருப்பு நழுவாமல் இருக்க ஒவ்வொரு எட்டுக்கும் விரல்கள் கவ்வ வேண்டும். 70,000 முறை கவ்வினால் முன்கால் எலும்பை ஒட்டிய சதை இரண்டாம் நாளே கல்லாகிவிடும். வார் பட்டன் ஓட்டையைவிட்டு பிய்ந்து வருவதும், அடியில் ஊக்கு குத்திச் சமாளிப்பதும் நமக்குத் தெரிந்த கதை. அந்த ஊக்கோடு 20 கிலோமீட்டர் போகலாம், 70 போக முடியாது.

இனி கடையில் பார்க்க வேண்டியது. காலையில் போகாதீர்கள். சாயங்காலம் போங்கள், அதுவும் கொஞ்சம் நடந்துவிட்டு. பாதம் பொழுது சாயச் சாய வீங்கும், நீண்ட நடையில் இன்னும் வீங்கும். உட்கார்ந்து போட்டுப் பார்க்கக் கூடாது. இரண்டு காலிலும் எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அந்த நீளமான விரல் பலருக்குக் கட்டைவிரல் இல்லை, இரண்டாவது விரல். இந்த ரகத்தில் அரை சைஸ் வருவது அபூர்வம், அதனால் 8 போடுகிறவர் 9 எடுக்க வேண்டியிருக்கும். "லூஸா இருக்கேண்ணா, எட்டே போதும்" என்று கடைப் பையன் சொல்வான். கல்யாண வீட்டுக்குப் போக எட்டு போதும்தான்.

பிறகு செருப்பைக் கையில் எடுத்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கினால் அங்கே நுரைக்கு உரம் இல்லை, குதிகால் வலியோடுதான் வீடு திரும்புவீர்கள். குதிகால் பக்கத்து நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தை மாதிரி அமுங்குவதை வாங்காதீர்கள், கடையில் சுகமாக இருக்கிற நுரைதான் 30 கிலோமீட்டரில் அப்பளமாகிறது. கொஞ்சம் முரட்டுத்தனமாக இருப்பதே நல்லது. பட்டையின் உள்பக்கத்தில் விரலை ஓட்டி, தையல் முடிச்சோ மடிப்போ தடுக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முக்கியமாகச் சுண்டுவிரல் பக்கமும் குதிகால் நரம்புப் பக்கமும். கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் முடிச்சு போதும், கதை முடிந்தது. ரெக்சின் பட்டை வெயிலில் விறைத்து ஓரம் கத்தியாகும். நைலான் நாடாவுக்கு உள்ளே மெத்தென்ற துணி வைத்ததே எடுங்கள்.

இன்னொன்று, பெட்டி மேல் அல்லது லேபிளில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். அதைப் பாருங்கள். ரப்பருக்குப் பதில் பி.யூ. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்) சோல் போட்ட செருப்பு என்றால் இது ரொம்ப முக்கியம். பி.யூ. காற்றிலிருக்கும் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சில வருடங்களில் உள்ளுக்குள் உளுத்துவிடும், பார்க்கப் புதிதாகவே இருக்கும். வாரச் சந்தையில் பெட்டி இல்லாமல் குவித்து வைத்து விற்கிற சரக்கில் இந்த ஆபத்து அதிகம். போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு வாங்கப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் செருப்புக்கு மட்டும் பார்க்காமல் வாங்குவது ஏனோ தெரியவில்லை. சோலின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

வாங்கியாயிற்றா, நேரே செருப்புத் தைப்பவரிடம் போங்கள். இந்த ரகத்தின் பெரிய குறை பசை. மேல் அடுக்கையும் ரப்பரையும் சேர்த்துப் பிடித்திருப்பது பசை மட்டும்தான். வெயில் நாளில் தார் ரோடு காற்றைவிட 20 டிகிரிக்கு மேல் கூடச் சுடும். அந்தச் சூட்டில் பசை இளகும், ஒவ்வொரு எட்டுக்கும் முனை மடங்கும், முதலில் கட்டைவிரல் பக்கம் வாய் பிளக்கும். பிளந்த வாயில் மணல் புகுந்த பிறகு எந்தப் பசையும் ஒட்டாது. எனவே புதிதாக இருக்கும்போதே சுற்றிலும் ஒரு தையல், மெழுகு தேய்த்த நைலான் நூலில். ரப்பர் அடியில் முதலில் ஒரு வாய்க்கால் கீறி அதற்குள் நூலைப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். கீறாமல் மேலேயே தைத்தால் நூல் தரையில் உரசி முதல் நாளே தேய்ந்து அறும். பட்டை சோலுக்குள் இறங்கும் இடங்களிலும் இரண்டு குத்துப் போடச் சொல்லுங்கள். தைத்து வந்ததும் உள்பக்கம் நூல் முனை துருத்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

பழக்குவதற்கு மூன்று வாரம் போதும். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 8, 12, 15, கடைசியில் ஒரே மூச்சில் 20. மொத்தம் 60. கடைசி 20 தார் ரோட்டில், போகும்போது எடுத்துப் போகும் அதே பையோடு இருக்கட்டும். எங்கே சிவக்கிறது, எங்கே எரிகிறது என்று இந்த நடைகளில் தெரிந்துவிடும். நடைக்குப் போகும்போது அந்த இடங்களில் முன்கூட்டியே பேப்பர் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். மெடிக்கலில் மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள். பிளாஸ்டரின் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், சதுர மூலை சுருண்டு அதுவே உரசத் தொடங்கும்.

சாக்ஸ் போடலாமா என்றால், கண்டிப்பாகப் போடலாம். ஃப்ளோட்டருக்குள் சாக்ஸா என்று சிரிப்பவர்கள் செங்கத்தில் சிரிக்க மாட்டார்கள். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த மெல்லிய சாக்ஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூன்று ஜோடி எடுத்து, நிற்கும் இடத்தில் மாற்றி, கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் காய்ந்துவிடும். சாக்ஸ் போடாதவர்கள் கிளம்பும் முன்பும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரல் இடுக்கு, குதிகால், பட்டை படும் இடங்களில் வாஸ்லின் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரம்கூட நிற்காது. தொடை உரசுகிறவர்களுக்கும் இதே வாஸ்லின்தான். பிளாஸ்டர் ஒட்டும் இடத்தில் மட்டும் தடவிவிடாதீர்கள், ஒட்டாது.

ரோட்டில் செருப்பு எப்படி நடந்துகொள்ளும்? விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி மணிக்கு 5 கிலோமீட்டர் போனால் 35 கிலோமீட்டருக்கு 7 மணி நேர நடை. பத்தரைக்கு மேல் தாரில் இருக்காமல் நான்கு மணிக்கு மறுபடி தொடங்குவதுதான் காலுக்கும் பசைக்கும் நல்லது. அந்த ரோட்டில் புளியமர நிழலை நம்பி மத்தியானம் நடந்த காலம் போய்விட்டது. கிளம்பும்போது பட்டையை இறுக்கமாகப் போடுங்கள். எட்டு மணி வாக்கில் கால் வீங்கத் தொடங்கும், முன்பட்டையை ஒரு விரல் புகும் அளவுக்குத் தளர்த்துங்கள். பின்பட்டையைத் தளர்த்தாதீர்கள், அது தளர்ந்தால் குதிகால் உள்ளே மேலும் கீழும் ஏறி இறங்கி நரம்பை உரசும். பலர் தலைகீழாகச் செய்து காலைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

வெல்க்ரோவில் தூசியும் பஞ்சும் ஏறி இரண்டாம் நாள் பிடி விடும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று பையில் இருக்கட்டும், கொக்கிப் பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும். மழையில் நனைந்தாலும் பிடி குறையும். அதற்கு ஒரு முழ நாடா வைத்துக்கொண்டு பட்டைக்கு மேல் ஒரு கட்டு போட்டால் வேலை முடிந்தது.

ஜல்லி இந்தச் செருப்பின் தீராத தொல்லை. ரோட்டோர மண்ணில் நடந்தால் உள்ளே கல் புகும். தாரின் ஓரத்தில் நடந்தால் ரோட்டின் சரிவு காரணமாக இரண்டு காலும் ஒரே பக்கம் சாய்ந்தே நடக்கும். சோல் ஒரு பக்கம் மட்டும் தேய்வதும், ஒரு முட்டி மட்டும் வலிப்பதும் அதனால்தான். வண்டிகளை எதிர்கொண்டு வலப்பக்கம் நடப்பதுதான் பாதுகாப்பு, எனவே பக்கம் மாறிச் சரிக்கட்டவும் முடியாது. மண் தடம் கெட்டியாக, சமமாக இருக்கும் இடங்களில் இறங்கி நடந்து, கல் புகுந்த அந்த நிமிடமே நின்று உதறிவிட்டுப் போவதுதான் வழி. "அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்" என்று விட்ட கல்தான் கொப்புளமாகிறது. பின்பட்டையில் வண்டி வெளிச்சத்தில் மின்னும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிவிடுங்கள். அசையும் குதிகால் டிரைவர் கண்ணில் சட்டென்று படும்.

அப்படியும் கொப்புளம் வந்துவிட்டால்: சின்னது என்றால் குத்தாமல் மேலே பிளாஸ்டர். மிதித்தால் வலிக்கிற அளவு பெரிது என்றால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில், தாழ்வான பக்கத்தில் இரண்டு குத்து. நீரை அமுக்கி எடுத்து, தோலை உரிக்காமல் பெட்டாடின் வைத்து, காஸ் துணி வைத்து ஒட்டுங்கள். நூல் கோத்து உள்ளேயே விட்டுவிடுகிற வழக்கம் இன்னும் பல குழுக்களில் இருக்கிறது. அந்த நூல் வழியாகத்தான் அழுக்கு உள்ளே போகும். சர்க்கரை உள்ளவர்கள் எதையும் குத்த வேண்டாம், வண்டி ஏறி டாக்டரிடம் போவதுதான் சரி.

சர்க்கரையால் பாதம் மரத்திருப்பவர்களுக்கு இந்தச் செருப்பையே பரிந்துரைக்க மாட்டோம். கல் குத்தினாலும் தெரியாது. விரல் மூடிய, அகலமான, மெத்தென்ற ஷூதான் அவர்களுக்கு. காலையில் எழுந்து முதல் எட்டு வைக்கும்போது குதிகால் குத்துகிறவர்களுக்கும், நாளுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போட்டு இரண்டு நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கும் ஓடுகிற ஷூ மேல். பித்தவெடிப்பு ஆழமாக இருப்பவர்கள் திறந்த செருப்பில் இன்னும் வறண்டு ரத்தம் பார்ப்பார்கள். அவர்கள் சாக்ஸ் இல்லாமல் ஓர் எட்டு வைக்கக் கூடாது. வேண்டுதலுக்காக வெறுங்காலில் நடப்பவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை, பத்தரை மணிக் கணக்கைத் தவிர.

திருவண்ணாமலை போய்ச் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் என்பதுதான் எல்லோர் திட்டமும். மூன்று நாள் பட்டைக்குள் கிடந்து ஊறிய தோல் வெறுங்காலில் உடனே இறங்கினால் கிழியும். நாலைந்து மணி நேரமாவது காலைக் காற்றாட விட்டு, தரை குளிர்ந்த பிறகு ராத்திரியில் தொடங்குங்கள். செருப்பைக் கூட வந்த வண்டியில் போடுங்கள். பௌர்ணமி நெரிசலில் கோயில் வாசலில் விட்ட புது ஃப்ளோட்டர் திரும்பக் கிடைத்தால் அது அண்ணாமலையார் தனியாகச் செய்த அருள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அந்த ஜோடியைச் சந்தைக்கும் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நேராக நின்று, நுரையும் விரல் அழுத்தத்தில் திரும்ப எழுந்தால், தையலை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்த பௌர்ணமிக்கும் அதையே போடலாம்.