குகைக்கு எடுத்துப் போகும் காற்றுமானி: எங்கள் வீட்டு ரேழியில் சோதித்தது

மன்னார்குடிப் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் களியும்தான், குகை ஏது? சம்பா அறுவடை முடிந்ததும் மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் குகைகளுக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே ஒரு சந்திலிருந்து காற்று வந்தால் அந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காற்றை அளக்கத்தான் இரண்டு கருவிகள் வாங்கினேன்.

முதலாவது விசிறி வகை, 2,100 ரூபாய். விளம்பரத்தில் ‘0.1 மீட்டர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். திரையில் எண் 0.1, 0.1 ஆக மாறும், அவ்வளவுதான் அதற்குப் பொருள். இறக்கை சுழலத் தொடங்கவே வினாடிக்கு 0.4 மீட்டர் வேகம் வேண்டும். இதை வாங்கிய பிறகுதான் தாளில் பார்த்தேன். 30 மீட்டர் வரை அளக்குமாம், குகைக்குள் புயலா அடிக்கப்போகிறது?

எங்கள் பழைய வீட்டில் முற்றம் வெயிலில் காய்ந்ததும் சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப வாசல் காற்று ரேழி வழியாக உள்ளே இழுபடும். மேலும் கீழும் வாய் உள்ள குகைக்கும் இதே கணக்குதான். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேல்வாய் வழியே போக, கீழ்வாய் குளிர்காற்றை இழுக்கும், கோடையில் தலைகீழ். அதனால் ரேழியிலேயே வைத்துப் பார்த்தேன். மதியம் 2 மணிக்கு 0.7. விளக்கு வைக்கும் நேரத்தில் இறக்கை நின்று 0.0 காட்டியது. பக்கத்தில் கொளுத்தி வைத்த ஊதுபத்திப் புகை மட்டும் கூடத்தை நோக்கி நன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் வாங்கியது ஹாட் வயர் வகை, 11,000 ரூபாய். சூடான மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்து வேகம் சொல்லும். அதே இடம், அதே நேரம்: 0.2. எனக்கு வேண்டியது இதுதான். முனை ஆண்டெனா மாதிரி நீளும், கை நுழையாத பிளவுக்குள்ளும் விடலாம். 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள சந்தில் 0.4 காட்டினால் வினாடிக்கு 120 லிட்டர் காற்று போகிறது. அப்படிப்பட்ட சந்தை விட மனசு வராது.

குறையும் உண்டு. கம்பியில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் அளவு தாறுமாறாகும். மூடியைத் திறந்தே வைத்துத் தவழக் கூடாது. கம்பியைச் சூடாக்குவதால் பேட்டரி சீக்கிரம் தீரும், மாற்று செட் கட்டாயம். சந்தை உடம்பால் அடைத்துக்கொண்டு அளந்தால் வேகம் கூடுதலாகக் காட்டும்; ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும்.

பெரிய வாய்களுக்கு விசிறி போதும், அங்கே அதுவே நன்றாக உழைக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹாட் வயர் வாங்குங்கள். காற்று எந்தத் திசையில் போகிறது என்று என்னுடைய இரண்டும் சொல்லாது. அதற்காக ஊதுபத்தி ஒரு கட்டை ஈரம் படாத டப்பாவில் அடைத்து அதே பையில் போட்டிருக்கிறேன்.