டர்பனில் பார்சல் வண்டி ஓட்டப் போகிறீர்களா? எந்த வேலை எவ்வளவு உறுதி?

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலை தேடும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள், பார்சல் டெலிவரி என்ற பேச்சு உடனே வந்துவிடும். அவர்களுடைய அம்மாக்களும் பாட்டிகளும் வேலை பார்த்த துணித் தொழிற்சாலைகளில் பல மூடிப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது ரிவர்ஹார்ஸ் வேலிப் பக்கம் போனால் வரிசை வரிசையாகக் கிடங்குகள்தான். ஆன்லைன் கடையான டேக்கலாட் 2011-இல் வந்தது, செக்கர்ஸ் கடைக்காரர்களின் மளிகை டெலிவரி ஆப்பான சிக்ஸ்டி60 2019-இல், அமேசான் 2024 மே மாதம். ஆர்டர் பெருகப் பெருக வண்டி ஓட்ட ஆள் தேவைப்படுகிறது.

ஆனால் ஒரே மாதிரிப் பெட்டியை ஒரே தெருவில் கொண்டுபோய்க் கொடுக்கிற நாலு பேர், சட்டத்தின் கண்ணுக்கு நாலு விதமான ஆட்கள். ஒருவர் கூரியர் கம்பெனியின் நேரடி ஊழியர். இன்னொருவரை அனுப்பியது லேபர் புரோக்கர், அதாவது கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி. மூன்றாமவர் சொந்த வேன் வைத்து ஒப்பந்தத்தில் ஓடுகிறார். நாலாமவர் ஆப் பார்த்து பைக் ஓட்டுகிறார். "அண்ணா, கையில் எவ்வளவு வரும்?" என்றுதான் பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கையில் வரும் தொகையை மட்டும் பார்த்தால் இந்த நாலில் மோசமான இரண்டுதான் நல்லதாகத் தெரியும்.

முதலில் நேரடி வேலை. இதில் நிறைய விஷயம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு தேசிய பார்கெய்னிங் கவுன்சில், அதாவது சம்பளப் பேச்சுவார்த்தை அமைப்பு, இருக்கிறது. ஒரு பக்கம் முதலாளிகள் அமைப்புகள், மறுபக்கம் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமான சட்டாவு போன்ற தொழிற்சங்கங்கள். இவர்கள் உட்கார்ந்து பேசிப் போடும் ஒப்பந்தத்தைத் தொழிலாளர் அமைச்சர் தொழில் முழுவதற்கும் நீட்டித்து அறிவித்துவிட்டால், அந்த மேசையில் உட்காராத கம்பெனியையும் அது கட்டுப்படுத்தும். அதாவது உங்கள் டெப்போவில் சங்கம் என்ற பேச்சே இல்லாவிட்டாலும், குறைந்தபட்சச் சம்பளம், ஆண்டு போனஸ், விடுப்பு, ஓவர்டைம் எல்லாம் அந்த ஒப்பந்தப்படி வந்தாக வேண்டும். வேலைக்குச் சேரும்போது சம்பளச் சீட்டு ஒன்றை வாங்கிப் பாருங்கள். கவுன்சில் லெவி, பிராவிடண்ட் ஃபண்ட், யூஐஎஃப் (வேலையில்லாக் காலக் காப்பீடு) என்று பிடித்தம் இருந்தால் அது நல்ல அறிகுறி. பிடித்தமே இல்லாத சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கவலைப்பட வேண்டிய சீட்டு அதுதான்.

வேலையைவிட்டு எடுத்தாலும் வழி இருக்கிறது. நியாயமில்லாமல் நீக்கினால் 30 நாளுக்குள் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. கவுன்சில் இல்லாத தொழில் என்றால் அதே புகார், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போகும். ஆட்குறைப்பு என்றால் 1995-ஆம் வருஷத்துத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-ஆவது பிரிவுப்படி முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துக் கலந்து பேச வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். பத்து வருஷம் ஓட்டினவருக்குப் பத்து வாரச் சம்பளம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் சொந்த வேன்காரருக்கு இதுவும் கிடையாது.

பார்சல் காணாமல் போனால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் தினசரிப் பயம். நேரடி ஊழியர் என்றால் கம்பெனி இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. உங்கள் தப்பால்தான் நஷ்டம் வந்தது என்று காட்ட வேண்டும், உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், நீங்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்; அப்படியும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. வண்டியை மறித்துக் கொள்ளையடிக்கும் ஊர் இது. டெலிவரிக்குப் போகும் வழியில் துப்பாக்கி முனையில் மாட்டி அடிபட்டால், ஊழியருக்கு 1993-ஆம் வருஷத்துத் தொழில்விபத்து இழப்பீட்டுச் சட்டம் துணைக்கு வரும்: மருத்துவச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 75 சதவீதமும்.

சங்கம் வேர் பிடிப்பதும் இங்கேதான் சுலபம். காரணம் ரொம்பச் சாதாரணம். விடிவதற்கு முன் எல்லா ஓட்டுநரும் ஒரே கேட்டுக்கு வந்தாக வேண்டும். ஸ்கேனரை வாங்கி, பெட்டிகளைத் தெரு வரிசைப்படி அடுக்கி, கடைசி டெலிவரி உள்ளே, முதல் டெலிவரி கதவோரம் என்று ஏற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் யாருக்கு என்ன பிடித்தம், யாருக்கு வார்னிங் லெட்டர் என்ற பேச்சு ஓடும். உறுப்பினர் படிவமும் அங்கேயே கை மாறும். போதிய ஆட்கள் சேர்ந்தால் சங்கம் உள்ளே வந்து பேசவும், சந்தாவைச் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லவும் உரிமை கேட்கலாம். பாதிக்கு மேல் ஆட்கள் சேர்ந்தால் ஷாப் ஸ்டூவர்ட், அதாவது டெப்போவில் சங்கத்தின் பிரதிநிதி, தேர்ந்தெடுக்கலாம். ஒரே டெப்போவில் மூன்று சங்கம் போட்டி போட்டு எதற்கும் பாதி தேறாமல் நிற்பதுதான் பெரிய தொல்லை. எது நல்ல சங்கம் என்று என்னைக் கேட்டால், உங்கள் டெப்போவில் ஏற்கெனவே அதிக ஆள் இருக்கிற சங்கம் என்பேன். நம் பையன்கள் கூட்டத்துக்குப் போகத் தயங்குகிறார்கள், பேச்சு பெரும்பாலும் ஸூலுவில் நடக்கிறது என்று. போய் உட்காருங்கள், காது பழகிவிடும். இந்த ஊரில் சங்கம் ஒன்றும் நமக்கு அந்நியம் இல்லை. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான கொசாட்டு 1985 டிசம்பரில் இதே டர்பனில்தான் தொடங்கியது. அதன் முதல் பொதுச் செயலாளர் ஜே நாயுடு.

அடுத்தது லேபர் புரோக்கர். பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள், ஆனால் இதற்கு இருக்கும் கெட்ட பேரில் பாதி பழைய கதை. 2015 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தம் நிலைமையை மாற்றியது. சம்பளம் அரசு ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் வரம்புக்குக் கீழே இருந்து (டெலிவரி ஓட்டுநர் சம்பளம் பெரும்பாலும் கீழேதான்), ஒரே கம்பெனியில் மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டினால், தொழிலாளர் உறவுச் சட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கம்பெனியின் ஆள் ஆகிவிடுகிறீர்கள். புரோக்கரும் கம்பெனியும் சேர்ந்து முதலாளிகளா, இல்லை கம்பெனி மட்டும்தானா என்ற வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. கம்பெனி மட்டும்தான் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியது உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சா. கம்பெனியின் நிரந்தர ஆட்களுக்குக் கிடைப்பதைவிட மொத்தத்தில் குறைவாக உங்களை நடத்தவும் கூடாது. இதைத் தவிர்ப்பதற்காகவே மூன்று மாதம் முடியும் முன் நிறுத்தினால், அதுவும் பணிநீக்கம்தான். அதற்கும் புகார் போடலாம்.

சரி, காகிதத்தில் இவ்வளவு உரிமை இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். சேர்ந்த தேதிக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ரூட் ஷீட்டை (அன்றைய டெலிவரிப் பட்டியலை) ஒரு போட்டோ எடுத்து வைத்தாலே போதும்.

சொந்த வேன் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் அதிகம் மயங்குவது இதில்தான். "யாருக்கும் கை கட்டி நிற்க வேண்டாம், நாமே முதலாளி" என்று மாமாக்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள். டெலிவரிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மாதக் கடைசியில் வரும் தொகையைப் பார்த்தால், நேரடி ஊழியர் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அதில் வேன் தவணை, இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் போக வேண்டும். எரிபொருள் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். டெலிவரிக்கான தொகை அதோடு சேர்ந்து மாறாது. வரி நாமே கட்ட வேண்டும். யூஐஎஃப் இல்லை, விபத்து இழப்பீடு இல்லை, காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. பார்சல் தொலைந்தால் முழுத் தொகையையும் பில்லில் கழிப்பார்கள்; கால் பங்கு வரம்பெல்லாம் ஊழியருக்குத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வங்கிக் கடனில் வேன் எடுத்தார்கள். ஐந்து வருஷத் தவணை. கூரியர் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்திலோ, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. கடன் ஐந்து வருஷம், வேலை முப்பது நாள். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும், வேறு கணக்கு வேண்டாம்.

சங்கம்? ஒப்பந்தக்காரர் என்று ஆகிவிட்டால் தொழிலாளர் உறவுச் சட்டம் தரும் வேலைநிறுத்தப் பாதுகாப்பு இல்லை. வண்டியை நிறுத்தினால் அது ஒப்பந்த மீறல், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் இதே பிளவைப் பார்க்கலாம். யூபிஎஸ் ஓட்டுநர்கள் கம்பெனியின் நேரடி ஆட்கள், டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் இருக்கிறார்கள். 2023-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக நின்றதும், நிறுத்தம் தொடங்கும் முன்பே ஒப்பந்தம் படிந்தது. ஃபெடெக்ஸ் கிரவுண்டில் ஓட்டுநருக்குச் சம்பளம் தருவது இடையில் இருக்கும் ஒப்பந்தக்காரர்கள். அதே ஊர், அதே வேலை, ஆனால் அங்கே சங்கம் காலூன்றவில்லை.

ஆப் வேலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உடனே சேரலாம், உடனே காசு வரும், ஒரு நாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். சாப்பாடு டெலிவரி ஆப்பான போல்ட் ஃபுட் 2023 கடைசியில் இந்த நாட்டில் கடையையே கட்டிக்கொண்டு போனது. அதை நம்பி ஓட்டியவர்களுக்கு 189-ஆவது பிரிவுமில்லை, வாரச் சம்பளமும் இல்லை. ஊபர் ஓட்டுநர்கள் ஊழியர்களே என்று 2017-இல் சிசிஎம்ஏ சொன்னபோது நிறையப் பேர் கொண்டாடினார்கள். 2018 ஜனவரியில் தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு போட்டது தென்னாப்பிரிக்கக் கிளை மீது, ஒப்பந்தமோ நெதர்லாந்து நிறுவனத்தோடு என்பதுதான் சிக்கல். ஓட்டுநர்கள் ஊழியர்களே இல்லை என்று நீதிமன்றம் ஒரேயடியாக முடித்துவைக்கவில்லை. அதனால் இந்தக் கதவு முழுவதும் அடைபடவில்லை. ஆனால் திறக்கும் வரை அங்கே காத்து நிற்கச் சொல்லி உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். படிக்கும்போது சனி ஞாயிறு ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

"அப்போ தபால் துறை?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அரசு வேலை, பலமான சங்கம், இரண்டும் அங்கே இருந்தன. 2014-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது வாடிக்கையாளர்கள் தனியார் கூரியர் பக்கம் போனார்கள், பலர் திரும்பவே இல்லை. 2023 ஜூலையில் தபால் துறை நிறுவனம் திவாலைத் தவிர்க்கும் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. அடுத்த வருஷம் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். சங்கம் இருந்ததால் பேச்சுவார்த்தை நடந்தது, தொகை கிடைத்தது. வேலை மிஞ்சவில்லை. கம்பெனியின் வரவு செலவு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் சங்கத்தை மட்டும் நம்பிச் சேருவதும் தப்புதான்.

ஆகவே என் வரிசை இது. சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கவுன்சிலில் பதிவான கூரியர் கம்பெனியில் நேரடி வேலை. அது உடனே கிடைக்காவிட்டால், அதே மாதிரிக் கம்பெனிக்குப் புரோக்கர் வழியாகப் போய் மூன்று மாதம் தாண்டுவது. சொந்த வேன் என்றால் கடனில்லாத வண்டியும், ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளரும் இருந்தால் மட்டும்.

ஏற்கெனவே வேன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் அரசு நிர்ணயிக்கும் அதே சம்பள வரம்புக்குள் இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதில் சொன்ன ஏழு அடையாளங்களில் ஒன்று பொருந்தினாலே போதும், நீங்கள் ஊழியர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்களா, அவர்கள் ஒருவருக்கு மட்டும்தான் ஓட்டுகிறீர்களா, ஸ்கேனரும் யூனிஃபார்மும் அவர்களுடையதா என்பது போன்றவை. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுக்கு. தினசரி ரூட் ஷீட், மேலாளர் அனுப்பும் வாட்ஸ்அப் உத்தரவுகள், பில்லில் கழித்த தொகைகள் மூன்றையும் மாதம் மாதம் தனியாகச் சேமித்து வையுங்கள். ஒப்பந்தத்தை முறிப்பதாக லெட்டர் வந்த அன்றே அவற்றை எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போங்கள். புகாருக்கான 30 நாள் கணக்கு வேலை முடியும் நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.